18 வயதுக்குப் பிறகு எந்த டாக்டர்? சிக்கிள் செல் தம்பிக்காக நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த வழிகள்

போன வருடம் ஜூலையில் தம்பிக்கு வலி வந்தபோது குழந்தைகள் வார்டில்தான் சேர்த்தோம். ஐந்தடி ஏழு அங்குலம் இருக்கிறான். கட்டில் நீளம் போதாமல் பாதம் இரண்டும் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சுவரில் பலூன் பிடித்த யானைப் படம். பக்கத்துக் கட்டிலில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பாப்பா, இவன் முனகும்போதெல்லாம் மிரண்டு அழுதது. மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா அவன் தலையைத் தடவிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா இவனை நான் குழந்தைன்னு எழுதிட்டிருக்க முடியும்? பெரியவங்க டாக்டர் ஒருத்தரைப் பாத்து வைங்க."

அம்மாவுக்கு அது துரத்தியடித்த மாதிரி இருந்தது. ஒன்றரை வயதில் கை கால் வீங்கிக் கதறியவனுக்கு இதுதான் நோய் என்று பெயர் சொன்னவரே அந்த டாக்டரம்மாதான். அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்து, அலைந்து, ஒருமுறை தப்பான முடிவும் எடுத்து, கடைசியில் வந்து நின்ற இடத்தை எழுதுகிறேன். இதே வயதில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

எங்கள் வீடு கூடலூர் தாலுகாவில். சிக்கிள் செல் இந்த மலைக்குப் புதிதல்ல. இந்தியாவில் இந்த நோயின் கூறு முதன்முதலில் பதிவானதே நீலகிரியில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கே மலைவாழ் மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். ஊரில் யாரும் 'அரிவாள் செல் சோகை' என்று முழுப்பெயர் சொல்வதில்லை. "சிக்கிள் இருக்கு" என்பார்கள், அவ்வளவுதான். ரத்தச் சிவப்பணு வட்டத் தட்டு மாதிரி இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்துபோய் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. அடைத்த இடத்தில் எலும்பை உடைப்பதுபோல் வலி. தண்ணீர் குறைந்தால், குளிர் தாக்கினால், காய்ச்சல் வந்தால், ஆக்ஸிஜன் குறைந்தால் அடைப்பு கூடும்.

டாக்டரை மாற்றுவதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அமெரிக்காவில் டல்லாஸ் பகுதியில் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து கவனிக்கப்பட்ட 940 பேரைப் பற்றிய ஆய்வு 2010-ல் வெளியானது. கடுமையான வகை உள்ளவர்களில் 100-க்கு சுமார் 94 பேர் 18 வயதைத் தொட்டுவிட்டார்கள். குழந்தை மருத்துவம் அவ்வளவு தூரம் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்த வகையில் பிந்தைய ஆண்டுகளில் நடந்த இறப்புகள் எல்லாமே 18 வயதுக்கு மேல். பெரும்பாலானவை பெரியவர்கள் மருத்துவத்துக்கு மாறிய கொஞ்ச நாளில். அங்கேயே அப்படி என்றால், ஆஸ்பத்திரி மாறும்போது ஃபைலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் நம் ஊரில் எப்படி இருக்கும்?

நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த வயதில் மாறுவது என்பதே இடத்துக்கு இடம் வேறு. பல அரசு மருத்துவமனைகளில் 12 வயதைத் தாண்டினாலே பெரியவர் வார்டு. தனியாரில் 18 வரை பார்ப்பார்கள், பழகிய டாக்டர் என்றால் அதற்கு மேலும். அதனால் நிறைய பிள்ளைகள் யாரும் திட்டமிடாமலேயே மாறிவிடுகிறார்கள். ஒருநாள் வலியோடு போகும்போது, "இந்த வார்டு இல்ல, அந்தப் பக்கம் போங்க" என்பார்கள். மாற்றம் அத்தோடு முடிந்தது.

முதல் வழி: பழைய டாக்டரிடமே இருப்பது

அம்மாவின் ஓட்டு இதற்குத்தான். இதை லேசாகத் தள்ளவும் முடியாது. 16 வருட வரலாறு அந்த டாக்டரம்மாவின் தலைக்குள் இருக்கிறது. தம்பியின் ஹீமோகுளோபின் எப்போதும் எட்டை ஒட்டித்தான் இருக்கும், அதைப் பார்த்து யாரும் பதறி ரத்தம் ஏற்ற வேண்டாம் என்று அவருக்குத் தெரியும். எந்த ஊசிக்கு வலி அடங்கும், எதற்கு வாந்தி வரும் என்பதும் தெரியும். வார்டுக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் மருந்து உள்ளே போய்விடும்.

ஆனால் இந்த வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. எங்களுக்கு அது தெரியவந்த விதம் கொஞ்சம் சங்கடமானது. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியே பயனில்லை.

ஒருநாள் ராத்திரி தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணா, அம்மாகிட்ட சொல்லாதே." பிறப்புறுப்பு விறைத்து, மூன்று மணி நேரமாக இறங்கவில்லை, வலிக்கிறது. இதற்கு முன்பும் இரண்டு மூன்று முறை வந்து, தானாக அடங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சிக்கிள் செல் உள்ள ஆண்களுக்கு இது வரக்கூடியது. நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் அவசர சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் நிரந்தரப் பாதிப்பு ஆகிவிடலாம். இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆறு வயதிலிருந்து டாக்டரம்மா அம்மாவிடம் பேசுவார், அம்மா பதில் சொல்வார், இவன் யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த அறையில் அவன் இதை யாரிடம் சொல்வான்?

பெண்பிள்ளைகளுக்கு இதே ஓட்டை வேறு வடிவில் வரும். மாதவிடாய் நாளையொட்டி வலி கூடுவது, கல்யாணம், கர்ப்பம். ஹைட்ராக்சியூரியா (சிக்கிளுக்குத் தினமும் சாப்பிடும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரோடு பேசி மாத்திரையை நிறுத்தத் திட்டமிட வேண்டும். பரம்பரையாக வரும் நோய் என்பதால் கட்டிக்கொள்ளப் போகிறவரின் ரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். இதையெல்லாம் அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் பேசும் பெண் எத்தனை பேர்?

உடம்பும் மாறுகிறது. சின்ன வயதில் பயம் மூளைப் பக்கவாதம். அதற்காக 2 முதல் 16 வயது வரை மூளை ரத்தக்குழாய் ஸ்கேன் எடுப்பார்கள். அப்புறம் கவனம் சிறுநீரில் புரதம் போகிறதா, விழித்திரை எப்படி, இடுப்பு மூட்டு எலும்பு சிதைகிறதா, நுரையீரல் ரத்த அழுத்தம் என்ன என்று நகர்கிறது. இதெல்லாம் பெரியவர்களைப் பார்க்கும் டாக்டரின் அன்றாட வேலை. அம்மாவுக்கு நான் சொன்ன சமாதானம்: டாக்டரம்மாவை விடவில்லை, ஒரு வருடம் போனில் இருப்பார்.

இரண்டாவது வழி: பக்கத்து அரசு மருத்துவமனை

செலவு இல்லை, ஹைட்ராக்சியூரியா இலவசம், முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லும். மத்திய அரசு 2023 ஜூலை 1-ல் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபின் பரிசோதனையும் மாத்திரையும் முன்பைவிடப் பரவலாகியிருக்கின்றன. ஊட்டியில் 2025-ல் 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். பொது மருத்துவம், கண், எலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் சமவெளிக்கு இறங்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஊட்டியைப் பற்றி மேப்பில் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கூடலூர் அதில் பாதி. வலியில் துடிக்கிறவனைக் குளிரும் ஆக்ஸிஜன் குறைவும் உள்ள இடத்துக்கு 50 கிலோமீட்டர் மலையேற்றிக் கொண்டுபோவது, நோயைத் தூண்டும் இரண்டு காரணங்களுக்குள் அவனைத் தள்ளிவிடுவது போல. மழைக்காலத்தில் வழியில் நடுவட்டம் பக்கம் மரம் விழுந்தால் அதுவும் இல்லை. செக்கப்புக்கு ஊட்டி சரி. ஸ்வெட்டர், குல்லா, ஒரு லிட்டர் வெந்நீரோடு போகலாம். ராத்திரி வலிக்குக் கீழேயே ஒரு இடம் வேண்டும். கூடலூரில் அஸ்வினி அமைப்பு 1990-லிருந்து நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை மாதிரி, சிக்கிள் செல் என்றால் மிரளாத நர்ஸ்கள் இருக்கும் இடங்கள் இந்த மலைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது ராத்திரி இரண்டு மணிக்குத்தான் புரியும்.

மூன்றாவது வழி: பெரிய ஊரின் ரத்தநோய் நிபுணர்

என் ஓட்டு இதற்குத்தான் இருந்தது. வேலூர் சி.எம்.சி. ரத்தநோய் சிகிச்சையிலும் எலும்பு மஜ்ஜை மாற்றத்திலும் நாட்டின் பழைய, பெரிய மையங்களில் ஒன்று. போனோம். கூடலூரிலிருந்து கோவை, அங்கிருந்து காட்பாடிக்கு ரயில், லாட்ஜ். போக வர இரண்டு ராத்திரி, நடுவில் காத்திருப்பு. எனக்கு மூன்று நாள் சம்பளம் போனது. ஆனால் அந்த ஒரே சந்திப்பில் 16 வருடத்தில் யாரும் செய்யாத சில வேலைகள் நடந்தன. ஹீமோகுளோபின் வகையைத் திரும்பப் பரிசோதித்தார்கள். மாத்திரை அளவு அவன் எடைக்குப் போதவில்லை என்று கண்டார்கள். 14 வயதில் நிர்ணயித்த அளவையே 56 கிலோ ஆனபிறகும் விழுங்கிக்கொண்டிருந்தான். கண் பரிசோதனை எழுதினார்கள். அவனை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு எங்களை வெளியே அனுப்பினார்கள். பதினைந்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து வந்தவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை.

நோயை வேரோடு தீர்க்கக்கூடிய மஜ்ஜை மாற்றம் பற்றியும் அங்கேதான் பேசினோம். கூடப்பிறந்தவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. என் ரத்தத்தையும் எடுத்தார்கள், பொருந்தவில்லை. பொருந்தும் அண்ணன் தம்பி இருக்கிற வீடுகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கூடப்பிறந்தவர்களிடம் மஜ்ஜை பெற்ற ஆயிரம் பேரைத் தொகுத்து 2017-ல் வந்த ஆய்வில், 16 வயதுக்குள் செய்தவர்களில் 100-க்கு 95 பேர் ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் செய்தவர்களில் 81. அதாவது இந்தக் கேள்வியை 18-ல் கேட்பது தாமதம். பிள்ளைக்கு எட்டு, பத்து வயது இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வேலூரின் குறை தூரம்தான். ஆனால் அந்த ஒரு குறையே போதும். ஹைட்ராக்சியூரியா அளவை ஏற்றும்போது மாதாமாதம் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் வேலூர் போக முடியுமா? வலி வந்தால்?

நாங்கள் செய்த தப்பு

வேலூர் பார்த்தாயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். தம்பி கோவையில் காலேஜ் சேர்ந்தான், ஹாஸ்டல். யோசித்துப் பாருங்கள்: கூடலூரா ஊட்டியா வேலூரா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், அவன் வருடத்தில் பத்து மாதம் இருக்கப்போகும் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பரில் ஒரு ராத்திரி வலி வந்தது. ஹாஸ்டல் பையன்கள் ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டோக்கன் போட்டு உட்கார வைத்தார்கள். டியூட்டி டாக்டர், "காய்ச்சல் இல்ல, அடிபடல, அப்புறம் எதுக்குப்பா இப்படிக் கத்தறே? பரீட்சையா நாளைக்கு?" என்றாராம். எந்த ஊசிக்கு அடங்கும் என்று தம்பி பெயர் சொல்லிக் கேட்டதும் சந்தேகம் இன்னும் கூடியது. போதை ஊசிக்கு வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். இரக்கப்பட்ட ஒரு அட்டெண்டர் முழங்காலில் ஐஸ் பை கொண்டுவந்து வைத்தார். சிக்கிள் வலிக்கு ஐஸ் வைக்கவே கூடாது, கதகதப்புதான் வேண்டும். ரத்த ரிப்போர்ட்டில் 7.9 என்று வந்ததும் உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அது அவனுக்கு வழக்கமான அளவு. நான் கூடலூரிலிருந்து போனிலேயே கத்தி நிறுத்தினேன். முதல் வலிமருந்து உள்ளே போனபோது அவன் வந்து இரண்டேகால் மணி நேரம் ஆகியிருந்தது. பிரிட்டனின் வழிகாட்டு நெறி இதற்குக் கொடுக்கும் நேரம் 30 நிமிடம்.

அந்த டாக்டரைத் திட்டி என்ன பயன்? சமவெளி ஆஸ்பத்திரியில் சிக்கிள் நோயாளியை அவர் பார்த்திருக்கவே மாட்டார். பார்த்துப் பழகிய ஊரிலும் இது நடக்கிறது. லண்டனில் 2019-ல் ஈவன் நேதன் ஸ்மித் என்ற 21 வயது இளைஞர், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தபடியே ஆக்ஸிஜன் வேண்டும் என்று அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்தார். பிறகு இறந்துபோனார். அவருடைய அறிகுறிகளின் தீவிரத்தை ஊழியர்கள் உணரவில்லை என்று 2021-ல் மரண விசாரணையில் தெரிந்தது.

அந்த நவம்பருக்குப் பிறகு எங்கள் கேள்வி மாறியது. சிறந்த டாக்டர் யார் என்று கேட்பதை விட்டோம். ராத்திரி வலி வந்தால் அவன் தூங்கும் இடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் எங்கே போவான், அங்கே இருப்பவருக்கு இவனைத் தெரியுமா என்று கேட்க ஆரம்பித்தோம். அப்படிக் கேட்டதும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அவசியமே இல்லாமல் போனது.

இப்போது எப்படி ஓடுகிறது

வீடு மாதிரி ஒரு ஆஸ்பத்திரி, அது கோவையில். ஹாஸ்டலுக்கு 20 நிமிட தூரத்தில் பொது மருத்துவ டாக்டர் ஒருவர். அவருக்கு சிக்கிள் செல்லில் பெரிய அனுபவம் கிடையாது. முதல் சந்திப்பிலேயே, "நான் அதிகம் பாத்ததில்ல, உங்க வேலூர் சீட்டைக் குடுங்க, படிச்சுக்கறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தோம். எல்லாம் தெரியும் என்று சொன்ன இன்னொருவரை விட்டுவிட்டோம். மாதப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு, காய்ச்சல், வலி எல்லாம் இவரிடம். வருடத்துக்கு ஒருமுறை, மே லீவில், வேலூர். லீவுக்கு வீட்டுக்கு வரும்போது வலி வந்தால் கூடலூர். மலைக்கு மேலே போவது செக்கப்புக்கு மட்டும்.

இந்தக் கலவை ஓடுவது ஒரு காகிதத்தை நம்பித்தான். டாக்டரம்மா கடைசியாக எங்களுக்குச் செய்துகொடுத்தது அது. ஒரே பக்கம், அவருடைய சீல் போட்டு: நோயின் வகை, வழக்கமான ஹீமோகுளோபின் அளவு, ரத்த வகை, இதுவரை எத்தனை முறை ரத்தம் ஏற்றியது, தினசரி மாத்திரை, வலிக்கு எந்த மருந்து என்ன அளவில் வேலை செய்தது, சிறுநீரகத்துக்காக டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டாம் என்ற குறிப்பு, நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ இருந்தால் உடனே சேர்க்கவும் என்ற வரி. நான் ஆசையாக லேமினேட் செய்துகொண்டு வந்தேன். அடுத்த மாதமே மாத்திரை அளவு மாறியது. இப்போது சாதாரண பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. போட்டோ அவன் போனிலும், ஹாஸ்டல் அறையில் கூட இருக்கும் இரண்டு பையன்கள் போனிலும்.

வலி இல்லாத ஒரு நாளில் அந்தக் காகிதத்தோடு கேஷுவால்ட்டிக்கே போய், ராத்திரி ஷிஃப்ட் நர்ஸிடம் ஒரு தடவை முகம் காட்டிவிட்டு வந்தோம். அவர் கொஞ்சம் விநோதமாகத்தான் பார்த்தார். பரவாயில்லை. பிப்ரவரியில் வலியோடு போனபோது அதே நர்ஸ். 25 நிமிடத்தில் ஊசி.

மாற்றுத்திறனாளி சான்றிதழையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2016 சட்டத்தில் உள்ள 21 வகைகளில் சிக்கிள் செல்லும் ஒன்று. சின்ன வயதில் வாங்கிய சான்றிதழில் காலாவதி தேதி இருந்தால், காலேஜ் சேர்வதற்கு முன்பே புதுப்பித்துவிட வேண்டும். நாங்கள் பரீட்சை நேரத்தில் ஓடினோம்.

வயது விஷயத்தில் என் கருத்து: 18-வது பிறந்தநாளன்று மாற்றாதீர்கள். வெளிநாட்டு மையங்களில் 12, 13 வயதிலேயே பேச்சை ஆரம்பித்து, பிள்ளையையே மாத்திரைக் கணக்கு வைக்கச் சொல்லிப் பழக்குகிறார்கள். தம்பிக்கு 18 வயதில் தன் மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லத் தெரியாது. அம்மா எடுத்துக் கொடுப்பார், விழுங்குவான். பரீட்சை, ஹாஸ்டல், புது ஊர், புது டாக்டர் எல்லாம் ஒரே மாதத்தில் வந்ததில்தான் நாங்கள் சறுக்கினோம். முடிந்தால் ஆறு மாதம் இரண்டு டாக்டரும் சேர்ந்து பார்க்கட்டும்.

போன வாரம் மாத செக்கப்புக்கு நானும் கூடப் போயிருந்தேன். டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் பழக்கத்தில் எழுந்தேன். "நீ இரு அண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். வெளியே வந்ததும் அம்மா போன் செய்து டாக்டர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? போனை அவன் கையில் கொடுத்தேன்.